கண் திறந்த திமிங்கலம்

எங்கள் ஊருக்குக் கடல் கிடையாது. கம்பம் பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகள், ராமேஸ்வரத்தில் கடற்கரைக் குப்பையால் செய்த ஒரு மீனைப் பார்த்துவிட்டு வந்து, ஊர்த் திருவிழாவுக்குத் திமிங்கலம் செய்யப்போவதாகச் சொன்னாள். குப்பைக்கு எங்கே போவாய் என்று கேட்டேன். ஆற்றைக் காட்டினாள்.

குளிப்பவர்கள் அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போன துணிகள், ஷாம்பு பாக்கெட்டுகள், ஒற்றைச் செருப்புகள். நான் எதற்கும் பயப்படுகிறவன். கையுறை வாங்கிக் கொடுத்தேன். திராட்சைத் தோட்டத்து மருந்து டப்பாக்களைத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். அவள் பந்தல் கம்பியை வளைத்துக் கூடு கட்டினாள். உள்ளே ஓர் ஆள் படுத்துக் கயிற்றை இழுத்தால் வாய் திறந்து மூடும். திருவிழாக் கமிட்டித் தலைவர் எனக்கு மாமன் முறை. கோயில் மைதானத்தில் இடம் ஒதுக்கித் தந்துவிட்டு, "எருமையா மாப்ள?" என்று மெதுவாகக் கேட்டார்.

எங்கள் அம்மனைக் களிமண்ணில் செய்வார்கள். திருவிழாவன்று காலையில் கண் திறந்து, பொழுது சாய்வதற்குள் ஆற்றில் கரைத்துவிடுவார்கள். கண் திறந்த உருவம் ஊருக்குள் ராத்தங்கக் கூடாது. இது எனக்கும் தெரியும். அன்று காலை அம்மனுக்குக் கண் திறந்த அதே நேரத்தில், என் மகள் இரண்டு பெயிண்ட் வாளி மூடிகளில் கருவிழி வரைந்து திமிங்கலத்துக்கு ஒட்டினாள். பெண்கள் குலவை போட்டார்கள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் டீ குடித்துவிட்டுத் திரும்பினால் திமிங்கலம் இருந்த இடம் காலி. அவள் செருப்பு மட்டும் கிடந்தது. போன் அடித்தது.

"அப்பா, என்னையத் தூக்கிட்டுப் போறாக. அம்மனுக்குப் பின்னால."

கீழே இறங்கு என்று கத்தினேன்.

"எறங்குனா இத ஆத்துல போட்டுருவாக. நான் உள்ள இருந்தா எப்படிப் போடுவாக?"

அவள் உள்ளே இருப்பது தெரிந்தால் போடமாட்டார்கள். அவள் குரல் வெளியே கேட்பதற்குக் கொட்டு நிற்க வேண்டும். அணையில் தண்ணீர் திறந்துவிட்ட சமயம் அது. அவளுக்கு நீச்சல் தெரியாது, எனக்கும் தெரியாது. ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மன் கரைந்துகொண்டிருந்தாள். திமிங்கலத்தைச் சுமந்தவர்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கியிருந்தார்கள். பாய்ந்து வாலுக்குள் கையை விட்டேன். ஒரு கணுக்கால் அகப்பட்டது. பிடித்துக்கொண்டு, உள்ளே எம் மக, எம் மக என்று கதறினேன். எனக்குச் சாமி வந்துவிட்டது என்று கொட்டுக்காரர் இன்னும் வேகமாக அடித்தார். யாரோ என் நெற்றியில் திருநீறு பூசினார்கள்.

அப்போது திமிங்கலம் வாயைத் திறந்தது. கொட்டு நின்றது.

"இதெல்லாம் இந்த ஆத்துல பொறுக்குனது தாத்தா. திரும்ப இங்கன போடாதீக."

கரையில் நின்ற கமிட்டி மாமாவுக்கு அவள் குரல் தெரியும். சுமந்தவர்களைக் கரையேறச் சொன்னார். ஆனால் அவர் முகம் தெளியவில்லை. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

"அது சரி ஆத்தா. கண்ணத் தெறந்துட்டியே. இனி ஊருக்குள்ள எப்படி வைக்கிறது?"

திமிங்கலத்தின் வாய் ஒருமுறை மூடித் திறந்தது.

"அப்பக் கண்ண மட்டும் கரைங்க."

"பிளாஸ்டிக் எங்கன கரையும்?"

கரையில் நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் மாமா, அம்மன் இருந்த பலகையில் ஒட்டியிருந்த களிமண்ணை வழித்து இரண்டு கண்களிலும் அப்பினார். கும்பிட்டார். ஆற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றித் தேய்த்தார். மண்ணோடு கருவிழியும் போனது. வெள்ளை மூடிகள் மட்டும் மிஞ்சின. "கரைஞ்சாச்சு" என்றார். குலவை கிளம்பியது.

வெளியே வா என்று அவளிடம் கெஞ்சினேன். மைதானம் போய்ச் சேரும்வரை யாரையும் நம்பமாட்டேன் என்றுவிட்டாள். குருட்டுத் திமிங்கலம் கொட்டுடன் ஊர் திரும்பியது. வாலுக்குள் விட்ட கையை எடுக்காமல் நானும் நடந்தேன். ஊர் எல்லையில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அப்பா, காலு வலிக்குது. விடுங்க."

நான் விடவில்லை.