குங்குமம் வைத்த சான்றிதழ்

இரண்டு நாட்டுத் தலைவர்கள் கைகுலுக்குவதை டீக்கடை டிவியில் காட்டினால் எனக்கு வயிறு எரியும். சின்ன நாடு, பெரிய நாடு, நட்பு, சுங்கத் தீர்வையில்லா வர்த்தகம் என்று வாய் கிழியப் பேசுவார்கள். எங்கள் வேலையில் அந்த நட்பு ஒரே ஒரு தாளில்தான் இருக்கிறது. அப்படி ஒரு தாளைக் கெடுத்த புண்ணியவான் நான்.

ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் எனக்கு வேலை. கப்பலில் வரும் சரக்குக்குக் கஸ்டம்ஸில் பேப்பர் போட்டு வெளியே எடுத்துக் கொடுப்போம். சில வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெண் பனங்கட்டி அனுப்பினாள், நம்ம ஊர் கருப்பட்டிதான். புருஷனை இழந்தவள். ஊரில் பத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பதநீர் காய்ச்சி, சின்ன ஓலைக் குட்டான்களில் ஊற்றி விற்பவள். கடல் தாண்டி அவர்கள் அனுப்பிய முதல் சரக்கு அது. சௌகார்பேட்டை வியாபாரி ஒருவர் தீபாவளிப் பரிசுப் பெட்டியில் வைக்கக் கேட்டிருந்தார். அங்கேயே செய்த பொருள்தான் என்று அந்த நாட்டு அதிகாரி கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இருந்தால் தீர்வை கிடையாது.

"அண்ணை, பிரச்சினை ஒண்டும் வராதுதானே?" என்று தினமும் போன் பண்ணுவாள்.

"நான் இருக்கேன்ல தங்கச்சி" என்பேன். பெரிய இவன் மாதிரி!

சான்றிதழ் கூரியரில் வந்த நாள் வெள்ளிக்கிழமை. புது பார்ட்டியின் முதல் ஃபைலை சாமி படத்தின் முன் வைத்து, அட்டையில் சந்தனம், குங்குமம் வைப்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். அன்று ஃபைல் இன்னும் போடவில்லை. பாவம், பிழைக்கட்டும் என்று தாளின் மூலையிலேயே வைத்துவிட்டேன். சந்தனம் தண்ணீராக இருந்தது. காய்ந்த பிறகு பார்த்தால் அந்த மூலையில்தான் கையெழுத்து. பேனா மையும் குங்குமமும் கலந்து ஊறிக் கிடந்தன.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா மாமே பண்ணி வச்சிக்கிற? கையெழுத்து மேலயா பொட்டு வைப்ப? அறிவு கீதா உனக்கு?"

கஸ்டம்ஸ் அதிகாரி தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "நீங்களே அழிச்சீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? அவங்க நாட்டுக்கு அனுப்பிக் கேட்கணும்."

வேறு தாள் வாங்கித் தருகிறேன் என்று கெஞ்சினேன். இதற்குப் பதில் வந்த பிறகுதான் மற்றது என்றார். முழுத் தீர்வை கட்டினால் எடுத்துவிடலாம். அந்த விலைக்கு எனக்கு வேண்டாம் என்று வியாபாரி கையை விரித்துவிட்டார்.

கடிதம் டெல்லிக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்குப் போனது. சரக்கு திருவொற்றியூர் கிடங்கில் கிடந்தது. மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைக்குக் கீழே ஈரக் காற்றில் பனங்கட்டி கசிய ஆரம்பித்தது. ஒவ்வொரு முறை போகும்போதும் அட்டைப்பெட்டிகளின் அடியில் கறுப்புப் பாகு இன்னும் கொஞ்சம் பரவியிருக்கும். எறும்பு வரிசை வாசல் வரை வந்திருந்தது. கையெழுத்து உண்மையானதுதான் என்று பதில் வந்தபோது தீபாவளி முடிந்து மூன்று வாரம்.

அவளுக்குப் போன் செய்து, கையெழுத்தைச் சரிபார்ப்பதற்குள் சரக்கு கெட்டுப்போனதைச் சொன்னேன். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"உங்கட ஆக்களுக்கு எங்கட கையெழுத்தில நம்பிக்கை இல்லை போல. நீங்கள் என்ன செய்வியள் அண்ணை?" என்றாள்.

"ஆமாம்மா, இங்க இவங்க அப்படித்தான்" என்றேன். பாவி! ஒரு நாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு நல்லவனாக நின்றேன்.

பிறகு, "அந்தச் சான்றிதழை மட்டும் அனுப்பிவிடுவியளே? எங்கட பேர் அச்சடிச்சு வந்த முதல் கடதாசி. கண்ணாடி போட்டு மாட்டி வைக்கலாம் எண்டு பெண்டுகள் கேக்கினம்" என்றாள்.

கஸ்டம்ஸ் திருப்பிக் கொடுத்த தாள் என் மேஜை டிராயரில்தான் இருந்தது, குங்குமத்தில் பதிந்த என் கட்டைவிரல் ரேகையோடு.

"அது ஆபீஸ்ல எங்கியோ தொலைஞ்சிடுச்சும்மா" என்றேன்.

"ஓம், பெரிய நாடுதானே அண்ணை" என்றாள். "தொலைஞ்சிருக்கும்."