இடது சக்கரத்தடியில் ஒரு மஞ்சள் புள்ளி

ஏழரை மணி சீரியலில் மாமியார் ஏறி இறங்கும் வெள்ளைக் காரும், எட்டரை மணி சீரியலில் கலெக்டர் வந்து இறங்கும் வெள்ளைக் காரும் ஒரே கார்தான் என்று நான் கண்டுபிடித்தபோது எங்கள் வீட்டில் யாரும் அதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. பின் பம்பரின் வலது ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கீறல். இரண்டிலும் அதே கீறல். நம்பர் பிளேட்டை மட்டும் மாற்றி ஒட்டியிருந்தார்கள், அதுவும் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. “அங்க ஒரு பொம்பள சாவக் கெடக்கறா, நீ பம்பர பாத்துக்கினு இருக்கற. இன்னா ஜென்மமே நீ?” என்றார் என் வீட்டுக்காரர். என்ன செய்வது, என் கண் அங்கேதான் போகிறது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா நகல், ஆதார் திருத்தம், ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது என்று காலையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். எனக்குப் பின்னால் இருக்கிற கண்ணாடி அலமாரியில் என் கார்கள் நிற்கும். பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, “இன்னாக்கா, புள்ளைங்களுக்கா?” என்பதுதான். “இல்ல, எனக்குத்தான்” என்பேன். அதற்கப்புறம் அவர்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே! வல்லத்திலிருந்து மனு எழுத வந்த ஒரு அம்மா, “நக நட்டு சேக்கற வயசுல காரு சேக்கறியேம்மா” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். அவர் கழுத்தில் கிடந்ததைப் பற்றி நான் ஏதாவது கேட்டேனா?

பாண்டிச்சேரியில் என் அக்கா மகனுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கப் போன இடத்தில் ஆரம்பித்தது இது. உள்ளங்கைக்குள் அடங்குகிற கார், ஆனால் பிளாஸ்டிக் இல்லை, உலோகத்தை அச்சில் வார்த்தது. டைகாஸ்ட் என்பார்கள். கையில் வைத்தால் கனக்கும். ஏதோ ஒரு வெளிநாட்டுப் படத்தில் வந்த கார் என்று அட்டையில் போட்டிருந்தது. பஸ்ஸில் வரும்போதே அந்தப் படத்தைப் போனில் தேடிப் பார்த்தேன். படத்தில் பின் கதவில் குண்டு துளைத்த ஓட்டை இருந்தது. பொம்மையில் இல்லை. ஏன் விட்டுவிட்டார்கள்? மறந்தார்களா, இல்லை அந்த ஓட்டை விழுவதற்கு முன்னால் இருந்த காரைத்தான் செய்தார்களா? மண்டை குடைந்தது. அக்கா மகனுக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுக் காரை நானே வைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு வாட்ஸப் குழுவில் சேர்ந்தேன். எல்லோரும் என்னை மாதிரி கிறுக்குகள், சினிமாவிலும் டிவியிலும் வந்த காரை மட்டும் சேர்க்கிறவர்கள். வெளிநாட்டுப் படத்துக் காரைக் கம்பெனிக்காரனே செய்து விற்கிறான். காசு கொடுத்தால் வீட்டு வாசலுக்கு வரும், அதில் என்ன சுவாரசியம்? நம்முடைய படத்தில் வரும் காரை யார் செய்து கொடுக்கப் போகிறார்கள்? நாமேதான் செய்துகொள்ள வேண்டும். கிட்டத்தட்ட அந்தச் சாயலில் இருக்கும் ஒரு டைகாஸ்ட் காரை வாங்கி, அடியில் இருக்கும் ஆணித்தலையைத் துளைத்துக் கழற்றி, பெயின்டைச் சுரண்டி, மூக்கை அரம் போட்டு ராவி, குழாய் ஒழுகினால் அடைக்கிற பசையில் விளக்கு பிடித்து வைத்து, மறுபடி பெயின்ட் அடிப்பேன். நம்பர் பிளேட்டுக்கு இருக்கவே இருக்கிறது என் கடை பிரின்டர். எள்ளளவு எழுத்தில் ஸ்டிக்கர் தாளில் அடித்து ஒட்டுவேன். படத்தில் என்ன தெரிகிறதோ அது காரில் இருக்க வேண்டும், சேறு தெரிந்தால் சேறும் உண்டு. இதுதான் எங்கள் குழுவில் எழுதாத சட்டம்.

இப்போது என் வீட்டுக்காரர் கதைக்கு வருகிறேன். அவர் செஞ்சி வேன் ஸ்டாண்டில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு படப்பிடிப்பு வந்தது. எங்கள் ஊருக்கு ஷூட்டிங் வருவது புதிதில்லை, கோட்டையைச் சும்மா விடுவார்களா? ஆனால் அந்தத் தடவை கார் துரத்தல் காட்சியைக் கோட்டையில் எடுக்காமல் பனமலை ஏரிக்கரையில் எடுத்தார்கள். லைட் சாமான் ஏற்றிக்கொண்டு போனது இவர் வேன். வில்லன் காரை ஓட்டவேண்டிய ஸ்டன்ட்காரருக்கு அன்றைக்குப் பார்த்து வயிறு கெட்டுவிட்டது. கருப்பு காண்டசா. அது முரட்டு வண்டி, பழகாதவன் கைக்கு அடங்காது. அதற்கு முன்னால் இவர் அவலூர்பேட்டையில் ஒரு ரைஸ்மில்காரருக்கு அதே மாதிரி ஒரு காண்டசாவை ஓட்டியிருந்தார். “நான் ஓட்டறேன் சார்” என்று போய் நின்றிருக்கிறார். வில்லன் போட்டிருந்த வெள்ளைச் சட்டையையே மாட்டிவிட்டு உட்காரவைத்துவிட்டார்களாம்.

இது அவர் சொல்வது. ஊரில் ஒருத்தரும் நம்பியதில்லை. அன்றைக்கு ஏரிக்கரைப் பக்கம் பொதுமக்களை விடவில்லை, கூடப் போன செஞ்சிக்காரர் எவரும் இல்லை. காரில் கண்ணாடி கருப்பு, முகம் தெரியாது. சாட்சி கிடையாது. வேன் ஸ்டாண்டில் அவருக்கு ‘ஹீரோ’ என்று பட்டம் கட்டிவிட்டார்கள். “ஹீரோ, டீ சொல்லட்டா?” “ஹீரோ, உன் வேனு பறக்குமா?” இவரும் சிரித்துக்கொண்டே போவார். வீட்டுக்கு வந்தால் முகம் தொங்கிக் கிடக்கும்.

போன தைப்பொங்கல் லீவில் அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். ஸ்டாண்டு டீக்கடையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். துரத்தல் காட்சி வந்ததும் இவர் வாய் சும்மா இருக்காமல், “தோ பாரு, இதான் நான்” என்று காட்டியிருக்கிறார். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. ஒருத்தர் டிவிக்கே கற்பூரம் காட்டுகிற மாதிரி கையைச் சுற்றினாராம். வெளியூர் சவாரி ஆட்கள் முன்னால் நடந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து தட்டில் கை வைத்தவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். “ஊரு கெடக்குது. நீ சொல்லு. நான் பொய் சொல்றவனா?” என்றார்.

வேறு பெண்டாட்டியாக இருந்தால் “அய்யோ, நீங்க போயி பொய் சொல்வீங்களா” என்று சோற்றைப் பிசைந்து ஊட்டியிருப்பாள். எனக்கு அது வராது. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சும்மாவா சொன்னார்கள்? “பாத்துட்டு சொல்றேன்” என்றேன். அவர் என்னையே பார்த்தார். அப்புறம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து என்னோடு பேச்சு குறைந்துபோனது. தண்ணி, சட்டை, சாவி, அவ்வளவுதான்.

எனக்கும் கோபம் வந்தது. ஒரு பொம்மைக் காருக்காகப் படம் முழுக்கத் தேடுகிறவள், புருஷனுக்காகத் தேடுகிறேன் என்று சொன்னால் அது மட்டம் தட்டுவதா? இருக்கட்டும் என்று அந்தக் காண்டசாவையே செய்ய ஆரம்பித்தேன். சதுர மூக்கு இருக்கிற ஒரு வெளிநாட்டு டைகாஸ்ட் கார் கிடைத்தது, அதை அரத்தில் ராவினேன். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அந்தக் காட்சியைப் போனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். படத்தில் அது ஏதோ ஆந்திரா ஊர் என்று வருகிறது. பின்னால் மலைமேல் நம்ம பனமலைக் கோயில் நிற்கிறது, ஏரியில் தண்ணி மின்னுகிறது. ஆந்திராவாம்!

என்ன தேடுவது என்று முதலில் தெரியவில்லை. ஸ்டீயரிங் பிடித்த கை ஒரு இடத்தில் தெரிகிறது, ஆனால் முழுக்கைச் சட்டை. விரலில் மோதிரம் இல்லை, வாட்ச் இல்லை. திருப்பத்தில் காரின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது. “கோயிலுக்கு முன்னாடி ஒரு திருப்பம், அதுல பின் வீலு ஏரிப் பக்கம் எறங்கப் பாத்துது” என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். படத்தில் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதைப் படம் பார்த்த எவனும் சொல்லலாமே? ஸ்டாண்டில் அதைத்தானே சொல்லிச் சிரிக்கிறார்கள்? தூசி பறந்தது என்பார், அதுவும் படத்திலேயே இருந்தது, எடுத்து முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள் என்பார், அது படத்தில் வராது. ஒன்றும் உதவவில்லை. மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன்.

துரத்தல் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன காட்சி. கார் கரைமேல் நிற்கிறது, கேமரா தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எஞ்சின் உறுமுகிறது, வண்டி சீறிக் கிளம்புகிறது. கண் சிமிட்டும் நேரம்தான். அதில் சக்கரத்துக்குக் கீழே மஞ்சளாக ஒரு புள்ளி இருந்தது. பூவா? பிஸ்கட் பேப்பரா? அல்லது என் போனில்தான் ஏதோ கோளாறா? இதைவிடத் தெளிவான படம் ஒன்றைக் குழுவில் ஒருவரிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். புள்ளி இருந்தது. கார் நகர்ந்ததும் அது தட்டையாகி ஈரமாகப் பளபளத்தது. கலர் பிரின்ட் பெரிதாகப் போட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சட்டென்று பொறி தட்டியது. ஆனால் எனக்குத் தோன்றினால் போதுமா? அவர் வாயிலிருந்து வர வேண்டும், அதுவும் நான் எதையும் எடுத்துக் கொடுக்காமல் வர வேண்டும்.

மறுநாள் காலையில் அவர் தோசை தின்றுகொண்டிருந்தார். பிரின்டை அரிசி டப்பாவுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன். தோசையைத் திருப்பிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டேன்.

“ஏங்க, அந்தக் காண்டசா கெளம்பறப்ப தரையில எதனா கெடந்துச்சா?”

“தரையில இன்னா கெடக்கும்? மண்ணு கெடக்கும்.”

“நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க.”

“எலுமிச்சம்பழம் கெடந்துது” என்றார், தோசையைப் பிட்டுக்கொண்டே. “நான்தான் வெச்சேன்.”

அடுப்பை அணைத்தேன். “எந்த சக்கரத்துல?”

“முன்னாடி, லெப்ட்டு. சமையல்காரங்ககிட்ட நாலு கேட்டேன், ஒன்னுதான் இருக்குதுன்னு குடுத்தாங்க. அதுக்கே அந்த உதவி டைரக்டரு பையன் கத்தனான், பிரேம்ல தெரியும் எட்றான்னு. நான் எடுக்கல. அடுத்தவன் வண்டி, கரை வேற பள்ளமா கெடக்குது, பழம் வெக்காம எவனாவது எடுப்பானா?”

இடது முன் சக்கரம். படத்தில் அதே இடது முன் சக்கரம். வேறு எங்கேயும் பழம் இல்லை. அரிசி டப்பாவை நான் இழுத்த வேகத்தில் அது உருண்டுபோனது. பிரின்டை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். “இத்தினி வருசமா தூசி, திருப்பம், கைத்தட்டலுன்னு கத சொன்னீங்களே, இத ஏன் ஒரு வாட்டி கூட சொல்லல?”

“இது ஒரு விசயமா சொல்றதுக்கு?” என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. புளுகுகிறவன் எதையெதையோ சேர்த்துச் சொல்வான். இந்த மனுஷன் தன்னிடம் இருந்த ஒரே சாட்சியைச் சொல்லத் தோன்றாமலே இத்தனை வருஷம் கேலி வாங்கியிருக்கிறார். புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். “எழுந்திருங்க. இத எடுத்துக்கினு ஸ்டாண்டுக்குப் போலாம். ஒவ்வொருத்தனையும் நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேக்கறேன்” என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பிரின்டை எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகத்தில் சந்தோஷம் இல்லை.

“ஸ்டாண்டு கெடக்கட்டும்மே” என்றார். “இந்தப் பழம் உருண்டு ஓடிப் போயிருந்தா? இல்ல, அந்தப் பையன் எட்த்து கடாசியிருந்தா? அப்ப நீயும் என்ன பொய்யன்னு வெச்சிருப்ப, இல்ல?”

“இல்ல.”

“வேற இன்னா பண்ணியிருப்ப?”

“இன்னும் தேடிக்கினு இருந்திருப்பேன்.”

“எத்தினி நாளைக்கு?”

“கெடைக்கிற வரைக்கும்.”

அவர் பிரின்டைக் கீழே வைத்தார். “இருந்தாத்தான மே கெடைக்கும்?” என்றார். “அங்க ஒன்னுமே இல்லன்னா, நீ பாட்டுக்கு சாவற வரைக்கும் தேடிக்கினு இருப்பியா?”

அங்கே ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம் என்று இத்தனை நாளில் எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் தோசைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் சோறு துன்னுட்டு எழுந்திருப்பேன்” என்றார்.