கழிவே இல்லாத ஃபில்டர்

மகளின் முன்பற்களில் பழுப்புக் கறை திட்டுத் திட்டாக விழுந்தபோது எனக்குத் தூக்கம் போயிற்று. காரணம் எங்கள் போர்த் தண்ணீரில் இருந்த புளோரைடு. நானோ திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் வேதியியல் டீச்சர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் எடுத்துவிட்டுச் சொந்தப் பிள்ளையின் பல்லைக் கோட்டைவிட்டால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? இனி முளைக்கப்போகும் பற்களாவது தப்பவேண்டும்.

படிகாரமும் சுண்ணாம்பும் கலக்கித் தெளியவைக்கலாம். ஆனால் தினமும் வாளிக்கு அடியில் சேறு தங்கும். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? இன்னொரு வழி ஆர்.ஓ. மெஷின். இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு விற்க வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் சாமியாடாத குறையாகப் பேசினார். "புளோரைடு, ஆர்சனிக், உப்பு, எல்லாம் போயிரும் மேடம்!" எங்கே போகும் என்று அவரும் சொல்லவில்லை, எம்.எஸ்சி. படித்த நானும் கேட்கவில்லை. சேறு இல்லை, சகதி இல்லை, கழிவே இல்லை என்று அதையே வாங்கிவிட்டேன்.

கழிவு இருந்தது. பளிச்சென்று தெளிவாக இருந்ததால் கழிவாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடம் பின்பக்கக் குழாய் வழியாகக் கொட்டியது. தண்ணீர் லாரிச் சத்தம் கேட்டால் பாதிச் சோற்றில் எழுந்து ஓடுகிற ஊரில் அதைத் தரையில் விட முடியுமா? பக்கத்து வீட்டு அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"டீச்சர், சும்மா போற தண்ணிதான? நாங்க பிடிச்சுக்கட்டுமா?"

"தாராளமாப் பிடிச்சுக்கங்கக்கா."

பாத்திரம் கழுவத்தான் கேட்கிறார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். பெரிய கொடைவள்ளல் என்ற நினைப்பு வேறு.

ஒரு வருடம் ஓடியது. பள்ளி விட்டதும் நான் வரும்வரை மகள் அந்த அக்கா வீட்டில்தான் இருப்பாள். ஒருநாள் சீக்கிரமே போனேன். அக்கா அவளிடம் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஏதுக்கா இந்தத் தண்ணி?"

"ஒங்க ஃபில்டர் தண்ணிதான் டீச்சர். பாப்பாவுக்கு வேற தண்ணியா குடுப்பேன்?"

சொம்பைப் பிடுங்கினேன். "அய்யய்யோ, அது கழிவுக்கா! நல்ல தண்ணிலருந்து எடுத்த புளோரைடெல்லாம் அதுலதான் இருக்கு. போர்த் தண்ணியவிட மோசம்! தெனமுமா குடுத்தீங்க? எம்புட்டுக் குடிச்சா?"

கத்திக்கொண்டே மகளின் வாயைத் திறந்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தேன்.

அக்கா வாசலில் விளையாடிக்கொண்டிருந்த தன் பிள்ளைகள் இரண்டையும் திரும்பிப் பார்த்தார்.

"எங்க வீட்ல குடிக்க, சோறாக்க எல்லாத்துக்கும் இதான் டீச்சர்," என்றார். "எம்புள்ளைகளப் பத்தி ஒரு வார்த்த கேக்கலியே நீங்க."