கலாமணி அக்கா தொடாத வேலை

"பெரியோர்களே, தாய்மார்களே, ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரின் மவுஸ், வயிற்று உருண்டையைத் தொலைத்து இன்று காலை இயற்கை எய்தியது."

ஸ்டூல்மேல் நின்று நான் இப்படி முழங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்த ஓனர் அண்ணன், "சரிங்க... சரிங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "கீழ எறங்கு கண்ணு. கலாமணி போயிருச்சு" என்றார்.

மஞ்சள்காமாலைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தவர், திங்கட்கிழமை வந்துவிடுவார் என்றே நம்பியிருந்தோம்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தாராபுரத்துக்காரர். ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் டி.டி.பி. சென்டரின் டிசைனர். கல்யாணப் பத்திரிகையிலிருந்து, கடைகள் பில் போடும் கம்ப்யூட்டர் ஸ்க்ரீன் வரை எல்லாவற்றையும் வரைந்தவர். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். நான் ப்ளஸ் டூ முடித்து, வாயை மட்டும் மூலதனமாகப் போட்டு வேலை பழகச் சேர்ந்தவன்.

முதல் வாரமே ஒரு பேக்கரி நோட்டீஸில் வரிக்கு ஒரு எழுத்து வகை போட்டேன்.

"ஏங்கண்ணு, சந்தைல எல்லாரும் கத்துனா யாரு பேச்சு காதுல உழுகும்?" என்றார் அக்கா.

"அதுக்குத்தானுங்கக்கா அமைதியான கலர் போட்டிருக்கேன்."

சிரித்துக்கொண்டே, ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அழித்தார்.

பொள்ளாச்சியில் ஒரு தேங்காய் மண்டிக்கு பில் ஸ்க்ரீன். 'சேமி' பட்டன் பச்சை, 'அழி' பட்டன் சிவப்பு, இரண்டும் ஒட்டி ஒட்டி, சிக்னல் மாதிரி. என் ஐடியா. அக்கா அதை மாற்றவில்லை. என்னை மண்டிக்கே கூட்டிப்போய், பில் போடும் ஈஸ்வரி அக்காவுக்குப் பின்னால் உட்காரவைத்து, என் கைகளைத் தன் சுடிதார் ஷாலால் நாற்காலியோடு கட்டிவிட்டார்.

"வாயும் தொறக்கப்படாது. அவங்க எங்க தடுமாறுறாங்களோ, அங்க நீ தப்புப் பண்ணிருக்கே."

ஈஸ்வரி அக்கா ஒரு நீளமான பில்லைப் பொறுமையாக அடித்து முடித்து, 'அழி'யை அமுக்கினார். "அய்யோ, அழிச்சுபோட்டனுங்களா நானு?" என்று பதறினார்.

"நீங்க இல்லீங்க. இவன்" என்றார் அக்கா.

திரும்பும் பஸ்ஸில் அக்காதான் பேசினார். "அந்தம்மா உன்னைய நெனைக்கவே கூடாது கண்ணு. வேலை முடிஞ்சு நேரத்துல ஊட்டுக்குப் போயிரோணும். அதுக்குத்தான் நாம."

அதற்குப் பிறகு நான் செய்ததை அவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தால், அதுதான் எனக்கு மெடல். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "அடுத்து வர்ற வேலை உன்னோடது. நான் தொடமாட்டேன்" என்றார். ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேன்.

அடுத்து வந்த வேலை, அவருடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

அவருடைய தம்பி போட்டோ கொண்டுவந்தார். "நான்தான் பண்ணுவேன்" என்று நான் யாரையும் பக்கத்தில் விடவில்லை. இப்போது ரோட்டில் பார்க்கிறவர்கள், "எடுப்பா இருக்குதுப்பா, நீ பண்ணுனதா?" என்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன்.

போயிட்டு வாங்கக்கா. ஆனால் உங்களிடம் மட்டும் பொய் சொல்ல முடியாது. 'செல்வி' என்று அடித்தேன். அதற்கு மேல் கை போகவில்லை. டீ வாங்கி வருகிறேன் என்று சொல்லி எழுந்துபோய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். மீதியெல்லாம் ஓனர் அண்ணன் முடித்தது.

டீயும் வாங்கவில்லை.