கலயங்கள் காலியாக வந்த சனிக்கிழமை

1954-ஆம் வருஷம், ஆவணி மாதம். தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். எங்கள் பகுதி அப்போது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. தமிழ்த் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்கவேண்டும் என்ற போராட்டம் உச்சத்துக்குப் போய், துப்பாக்கிச் சூடும் நடந்து, ஆண்கள் பலர் சிறையில் இருந்தார்கள். பிடிபடாதவர்கள் எங்கெங்கோ ஒளிந்திருந்தார்கள்.

பள்ளி வேலை போக, ஊர் மாதர் சங்கத்துக்கும் நான்தான் செயலாளர். பிடி அரிசியை வைத்துத்தான் சங்கமே நடந்தது. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து, சங்கம் கொடுத்த சின்னக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். மரச்சீனிக் கிழங்கை அவித்துத் தின்கிற வீடுகளில்கூட, சோறு பொங்குகிற நாளில் அந்த ஒரு பிடி தவறாது. சனிக்கிழமை எல்லாவற்றையும் திரட்டி, ஆதரவில்லாத விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் கொடுப்போம். ஒன்பது பேர் அதை நம்பி உயிர் வாழ்ந்தார்கள்.

போராட்டம் சூடானதும் நாகர்கோவிலில் இருந்த தலைமைச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. போராட்டக்காரர்களின் வீடுகளுக்குச் சங்கத்துப் பொருள் எதுவும் போகக் கூடாது, போனால் சர்க்கார் சங்கத்தையே மூடிவிடும் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு விதி என்றால் விதிதான். பிள்ளைகள் கோட்டைத் தாண்டி எழுதினாலே பிரம்பை எடுக்கிற ஆள் நான்.

அந்த வாரமே, சனிக்கிழமை அரிசி திரட்டி வைத்திருந்த நேரத்தில், ஒரு பெண் வந்து நின்றாள். பனையேறுகிற கணவன் சிறையில். இடுப்பில் ஒரு பிள்ளை, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று.

"ரெண்டு நாளா பிள்ளையளுக்கு வெறும் கருப்பட்டித் தண்ணிதான் டீச்சர்" என்றாள்.

சங்கத்து அரிசியை அரசியலுக்குத் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் கெஞ்சவில்லை, திரும்பிப் போய்விட்டாள். அரிசி நிறைந்த பானை என் பின்னால்தான் இருந்தது. நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

வீடு வீடாகப் போய்க் கலயங்களை எடுத்து வருவதற்குச் சங்கத்தில் ஒருத்தி இருந்தாள். என் வயதுதான், வாய் ஓயாதவள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றவள் அன்று வம்பு பேச நிற்காமல் காலிக் கலயங்களோடு கிளம்பிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் கொண்டுவந்து இறக்கிய கலயங்கள் அத்தனையும் காலி.

"ஊருல அரிசி இல்ல டீச்சர்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பியதற்காக ஊரே சேர்ந்து என்னைத் தண்டிக்கிறது என்று நினைத்தேன்.

"எம்மேல உள்ள கோவத்துக்கு அந்த ஒம்பது பேரையும் பட்டினி போடுதியளே" என்று கத்தினேன். அவள் கலயங்களைச் சுவரோரமாக அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். பானையிலும் அரிசி தீர்ந்திருந்தது. ஞாயிறு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் போலீஸ் வந்தது. சங்கத்து அரிசி போராட்டக்காரர் வீடுகளுக்குப் போகிறது என்று யாரோ மனு போட்டிருக்கிறார்கள். "அந்த வீடுகளில் அடுப்பு எரிகிறதே, எப்படி?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். எனக்கே அது புதுச் செய்தி. சங்கத்திலிருந்து ஒரு மணி அரிசி போகவில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன். கலயங்களைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், பானைக்குள் எட்டிப் பார்த்தார்கள். சங்கமே பட்டினி கிடக்கிறதே என்று சிரித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் ஓடினேன். முதலில் அந்த ஒன்பது பேரில் ஒருவரான, கண் தெரியாத அம்மாவின் வீடு. அடுப்பில் கஞ்சி கொதித்தது. "சனியாழ்ச்சையே கலயம் எடுக்குறவ வந்து தந்துட்டுப் போனாளே மக்கா, ஒனக்குத் தெரியாதா?" என்றார். அங்கிருந்து, நான் திருப்பி அனுப்பிய பெண்ணின் வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் இரண்டும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தன. கலயம் எடுக்கிறவளும் அங்கேதான் இருந்தாள். பிடி அரிசி எடுப்பதை ஒரு வீட்டிலும் நிறுத்தவில்லை. சங்கத்துக்குக் கொண்டுவராமல், ஒன்பது பேருக்கும் சிறை போனவர்கள் வீடுகளுக்கும் அவளே நேராகக் கொண்டு சேர்த்திருக்கிறாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?" என்றேன்.

"சொன்னா மறைப்பியளா? ஒங்களுக்குப் பொய் சொல்ல வராது டீச்சர். போலீசு கேட்டா திக்குவிய, சங்கத்தப் பூட்டிருவானுவ. ஒங்க கைக்கு வந்தாத்தானே அது சங்கத்து அரிசி? அதுவரைக்கும் எங்க அரிசிதானே."

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்படி ஒரு நிம்மதி அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை. அந்த வீட்டுப் பெண் எனக்கும் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கஞ்சி ஊற்றி நீட்டினாள். மன்னிப்புக் கேட்டேன். "ஆறதுக்கு முன்ன குடியுங்க" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு வருஷம் கழித்து எங்கள் தாலுகாக்கள் சென்னையோடு சேர்ந்தன. அதற்குப் பிறகும் வெகுகாலம் சங்க வேலையில் இருந்தேன். என்னை நம்பாமல், எதையும் சொல்லாமல் இருந்துதான் அந்தப் பெண்கள் சங்கத்தையும் என்னையும் அன்று காப்பாற்றினார்கள். அந்த நம்பாமைக்கு நான் இன்றுவரை நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.