ஒரு பூச்சியும் பவளத்தின் கூரையும்

கூரைச் சீட் விற்கிறவன் வானத்தைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று நம்பித்தான் ஹட்டனில் இத்தனை வருடம் ஹாட்வெயார் கடை நடத்தினேன். வெளிவிவகார அமைச்சையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கடை வைத்திருக்கிற உங்களுக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

தகரம் வாங்கிய பவளம்

அஸ்பெஸ்டஸ் சீட்டுக்கு வேண்டிய நாரைப் புதுவருடத்திலிருந்து நாட்டுக்குள் விடாமல் கட்டுப்படுத்தப் போகிறோம் என்று அரசாங்கம் சொன்னது. சீட்டை அறுக்கும்போது பறக்கிற தூள் நெஞ்சுக்கு ஆகாதாம். சிமெந்து மூட்டை தூக்கித் தொழில் பழகியவன் நான். அரசாங்கமே வாய்விட்டுச் சொன்னால் முந்திக்கொள்ள வேண்டாமா? இருந்த அஸ்பெஸ்டஸ் எல்லாவற்றையும் கண்டிக்காரர் ஒருவரிடம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கடை நிறையத் தகரம் இறக்கினேன்.

அந்த வாரம் பவளம் வந்தார். லிந்துலைப் பக்கத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு வெளியே, ஏழு பேர்ச் காணியில் சொந்தமாக வீடு கட்டி, சுவர் எழுப்பி முடித்திருந்தார். தகரத்தில் மழை விழுந்தால் சத்தம் தாங்காது, அஸ்பெஸ்டஸ்தான் வேண்டும் என்று நின்றார். "ஒங்க வீட்டுக்காரருக்கு மூச்சு இழுப்புன்னு நீங்கதானே சொன்னீங்க? அந்தத் தூளுக்குக் கீழயா படுக்க வைக்கப் போறீங்க? அதோட அந்தச் சீட் இனிமே நாட்டுலயே கெடைக்காதுங்க!" என்று கத்தினேன். நான் பேரம் பேசினாலே அடுத்த கடைக்குக் கேட்கும். பவளம் தகரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சரிங்க மொதலாளி, சுவர் காயட்டும், வந்து எடுத்துக்கிறேன். மழை நேரத்துல அவரு பேசுறது காதுல விழாது, அதுவும் நல்லதுக்குத்தான்."

ஒரே ஒரு பூச்சி

ஒரு நாள் காலையில் கடையைத் திறந்து விளக்குமாறுகளை வெளியே வைக்கக்கூட இல்லை. பக்கத்துத் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்தைத் தூளாக்கும் வேலையை நடத்துகிற டீமேக்கர் ஓடி வந்தார். அளந்து பேசுகிற மனிதர். அன்றைக்கு வாசலிலேயே கொட்டிவிட்டார். ரஷ்யாவுக்குப் போன நம் தேயிலைப் பொதியில் ஒரு பூச்சி இருந்ததாம். அதற்காக நம் நாட்டுத் தேயிலை மொத்தத்தையும் நிறுத்திவிட்டார்களாம்.

தேயிலை நின்றால் இந்த ஊரில் ஆணி யார் வாங்குவார்கள்? "ஒரு பூச்சிக்கு ஒரு நாட்டையா நிறுத்துவாங்க? பேசிப் பாக்கலயா? எடைய ரெண்டு கிலோ கூட்டிக் குடுக்குறதுதானே!" என்று அவர் மேலேயே பாய்ந்தேன். அவர் என் விளக்குமாறு எல்லாவற்றையும், கம்பி வலை ஒரு சுருளையும் வேனில் ஏற்றிக்கொண்டே சொன்னார்:

"பூச்சி எங்க பொறந்துச்சுன்னு யாருக்குமே தெரியாதுங்க. ஆனா கூட்டுறது எல்லாருந்தான் கூட்டணும்."

சுனிலின் செய்தி

கொழும்பிலிருந்து எனக்குச் சாமான் ஏற்றி வருகிற லொறி டிரைவர் சுனில். சிங்களவர். என் கடையில் ஏச்சு வாங்கி வாங்கியே தமிழ் படித்தவர். சில நாள் கழித்து லொறியை நிறுத்தி இறங்கினார். வழக்கமாக முதலில் தேத்தண்ணீர் கேட்பவர், அன்றைக்குக் கேட்கவில்லை. அஸ்பெஸ்டஸுக்குப் போட இருந்த கட்டுப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டார்கள், தேயிலையும் திரும்பப் போகப் போகிறது என்றார்.

"தேயிலைக்கும் சீட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றேன். சீட்டுக்கு நார் விற்கிறதும் அதே ரஷ்யாதான் என்றார். அப்படியே தகரக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பூச்சி வேறு, கூரை வேறு என்று பெரிய இடத்தில் விளக்கம் சொன்னவர்களும் உண்டு. இருக்கலாம். இரண்டு செய்தியும் இடைவெளி இல்லாமல் வந்தன என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். பேரத்தில் எழுந்து போக முடியாதவன் உட்காரவே கூடாது என்று நான் அடிபட்டுப் படித்தவன். "ஒரு அரசாங்கம் இப்படியா பயப்படுறது? நான் போயிருந்தா நாலு கேள்வி கேட்டிருப்பேன்!" என்று மேசையில் அடித்தேன். சுனில் சிரிக்காமல் சொன்னார்:

"போன மாசம் நெறைய சாமான் எடுக்கிற அந்தப் பெரிய கொந்தராத்துக்காரர் வந்து ஒங்களுக்கு ஏசினார்தானே, நீங்க கதிரை போட்டு டீ குடுத்தீங்கதானே. இதும் அதான் மொதலாளி."

எதிர்க்கடை

மறுவாரமே எதிர்க்கடை வாசலில் அஸ்பெஸ்டஸ் சீட்டை அடுக்கிவிட்டார்கள், என் தகரத்தைவிட மலிவாக. என் கடைக்குள் ஈ இல்லை. எனக்கு இன்னும் மிச்சமிருந்த வியாபாரம் பவளத்தோடு பேசி வைத்தது ஒன்றுதான். அவர் வந்தார். ஆனால் நேரே எதிர்க்கடைக்குப் போனார். சீட்டைத் தடவினார், விலை கேட்டார். நான் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு வீதியைக் கடந்து வந்து, "நாட்டுலயே கெடைக்காதுன்னீங்க. அங்க அடுக்கி வச்சிருக்கு. ஏங்க பொய் சொன்னீங்க?" என்றார்.

நான் எத்தனையோ பேரிடம் எத்தனையோ சொல்லி விற்றிருக்கிறேன். உண்மையைச் சொல்லி அகப்பட்டது அன்றைக்குத்தான். பூச்சி, ரஷ்யா, நார், கட்டுப்பாடு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். கோபம்கூட வரவில்லை. பவளம் என்னை முறைத்தபடியே கேட்டார்.

"அப்போ நான் பறிக்கிற கொழுந்த வாங்கணும்னா, என் தலைக்கு மேல எதப் போடணும்னு அவங்க சொல்லுவாங்களா?"

இத்தனை நாள் கத்தினேனே, இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. அவர் எதிர்க்கடையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்:

"பயப்படுறவங்க பயந்துக்கட்டும். இழுப்புக்காரர வச்சிக்கிட்டு எனக்கு அந்தத் தூளு வேணாம். தகரத்தையே ஏத்துங்க. எதிர்க்கடை வெலதான் தருவேன், ஆணி சும்மா தரணும். முடியாதுன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

பெரிய நாடு முறைத்தும் மாறாத கூரை, எனக்குத் தெரிந்து, லிந்துலைப் பக்கம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதற்கும் ஆணி என் கணக்கில்தான் போனது.