நான்கு மணி நேரத்தில் வந்து சேர்ந்தவர்கள்

துபாயிலிருந்து சென்னைக்குக் கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டர். விமானத்தில் நான்கு மணி நேரம். கோட்டக்குப்பத்தில் இது சின்னப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனாலும் எங்கள் மூத்த மகள் பிறந்தபோது என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் நடக்கத் தொடங்கிய பிறகுதான் வந்து பார்த்தார். இரண்டாவது பிரசவத்துக்கு எப்படியும் பக்கத்தில் இருப்பேன் என்று சொல்லி, டாக்டர் குறித்த தேதிக்கு மூன்று வாரம் முன்பே டிக்கெட் போட்டார்.

விமானம் ஏறியதும் போன் செய்தார். அதை வைத்த கையோடு, மூத்தவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நானும் அவருடைய அம்மாவான மாமியும் வாடகைக் காரில் கிளம்பினோம். இந்த வயிற்றோடு ஏர்போர்ட்டுக்கு வேண்டாம் என்று மாமி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான்தான் கேட்கவில்லை.

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தபோது இடுப்பில் வலி பிடித்தது. வெறும் சூட்டு வலிதான், பிரசவ வலி இல்லை என்று நினைத்தேன். அடுத்த வலியில் பனிக்குடம் உடைந்துவிட்டது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வேறு என்ன செய்வதென்று அவருக்கு ஓடவில்லை.

சாலையோரம் உப்பு மூட்டை தைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். தண்ணீர் வாங்கிக் கையைக் கழுவிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே பின் சீட்டில் ஏறி, என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். டிரைவரை நேரே மரக்காணம் ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார்.

"மூச்சை அடக்காத கண்ணு, விடு. ஆஸ்பத்திரி கிட்டதான் இருக்குது. நான் உன்ன விட்டுட்டுப் போவமாட்டேன்."

போகவும் இல்லை. மாமி நடுங்கிக்கொண்டிருந்ததால் நர்ஸ் அந்த அம்மாவையே என் பக்கத்தில் நிற்கவிட்டார். உப்பில் வெடித்துக் காய்ப்பேறிய அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டுதான் என் மகனைப் பெற்றேன்.

என் கணவர் அப்போதும் வானத்தில்தான் இருந்தார். இறங்கியதும் கூப்பிட்டு, எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று கேட்டார். மாமி போனை என்னிடம் தந்தார்.

"நாங்க ஏர்போர்ட்ல இல்லங்க. மரக்காணம் ஆஸ்பத்திரில இருக்கோம். பையன் பொறந்துட்டான்."

பெட்டிக்காகக் காத்து நின்ற யாரோ முன்பின் தெரியாதவரிடம் தனக்கு மகன் பிறந்திருப்பதாக அவர் சொல்வது கேட்டது.

பொழுது சாய்ந்து மஃரிப் நேரத்துக்கு வந்து சேர்ந்தார். கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டு, எங்கள் வழக்கப்படி பிள்ளையின் காதில் பாங்கு சொன்னார். பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னார். அதற்குள் அந்த அம்மா போய்விட்டிருந்தார்.

நாற்பது நாள் கழிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மூத்தவளையும் கூட்டிக்கொண்டு, பிரியாணிப் பாத்திரத்தோடு உப்பளத்துக்குத் தேடிப் போனோம். எங்களைப் பார்த்ததும் அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பிள்ளையை வாங்கிக்கொண்டார். நன்றி சொல்லத்தான் என் கணவர் வாயெடுத்தார். அதற்கு இடம் கொடுக்காமல், துபாயிலிருந்து வர எவ்வளவு நேரம் ஆகுமென்று அந்த அம்மா விசாரித்தார்.

"நாலு மணி நேரம்மா."

"அவ்ளோதானா? அப்ப அடிக்கடி வந்து புள்ளைங்களைப் பாருப்பா."

என் கணவர் தலையை ஆட்டினார். கொட்டகை நிழலில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். என் மகன் கடைசிவரை அந்த அம்மாவின் மடியிலேயே தூங்கினான்.